பாங்குக்கு ஒரு டைம் அவுட்

கூடைப்பந்தாட்ட அணிக்குப் பொறுப்பாசிரியராக உங்களைப் போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். என் ஆழ்ந்த அனுதாபங்கள். நீங்கள் கேட்டு வாங்கியிருக்க மாட்டீர்கள். ஆசிரியர் கூட்டத்தில் அதிபர் நிமிர்ந்து பார்த்த நேரம், மற்றவர்களெல்லாம் குனிந்துவிட்டார்கள், நீங்கள் குனியச் சற்றுத் தாமதித்திருப்பீர்கள். எனக்கும் அப்படித்தான் கிடைத்தது. நான் கணிதம் படிப்பிக்க மாத்தளைக்கு வந்தவன். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி, சீக்கிரம் திரும்பிப் போய்விடலாம் என்று பெட்டியைக்கூட முழுதாகப் பிரிக்காமல் இருந்து, இங்கேயே நரைத்துப் போனவன். பந்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது கோளத்தின் கனவளவு காணும் சூத்திரம் மட்டும்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய வருடம் எங்கள் கல்லூரி அணி ஒரு போட்டியிலும் தோற்காமல் பருவத்தை முடித்தது. பதினொரு போட்டி, பதினொரு வெற்றி. அதைப் பற்றி மேடைகளில் நிறையப் பேசினார்கள். ஒழுக்கம் என்றார்கள், வியூகம் என்றார்கள், அதிபரின் தூரநோக்கு என்றுகூட ஒருவர் சொன்னார். அதிபர் அந்தப் பருவத்தில் வந்து பார்த்தவை இரண்டு போட்டிகள். அதில் ஒன்றில் பாதிநேரம் தொலைபேசியில் இருந்தார். ஆகவே நடந்ததை நான் சொல்கிறேன். உங்களுக்கு உதவும். உதவாவிட்டால் சிரிக்கவாவது செய்வீர்கள்.

முதலில் உங்கள் வேலை என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள். எனக்கு அதைச் சொல்லித் தந்தவர் வலைப்பந்து அணியைப் பார்த்துக்கொண்ட டீச்சர். பெயர் சொல்லமாட்டேன், இன்னும் சேவையில் இருக்கிறார், எனக்கு அடியும் விழும். என்னைவிட வயதில் நன்றாக இளையவர். நான் பொறுப்பெடுத்த புதிதில் மைதான ஓரத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து, யார் எத்தனை தடவை பந்து எறிகிறான், எத்தனை உள்ளே போகிறது என்று மும்முரமாக எண்ணிக்கொண்டிருந்தேன். டீச்சர் பின்னால் வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

“சேர், என்ன பண்றீங்க?”

“விகிதம் எடுக்கிறன், டீச்சர்.”

“பந்தப் பாக்கிறதுக்கு இங்க பத்துப் பேர் இருக்காங்க. ரெஃபரி ரெண்டு பேரு. மதில் மேல இன்னும் நாப்பது. நீங்களும் அதையே பாத்தா, தண்ணி போத்தல யாரு பாக்கிறது? பஸ்காரன் சாப்பிடப் போயிட்டானான்னு யாரு பாக்கிறது? அந்தா, உங்க நாலாம் நம்பர் நொண்டுறான். தெரியுமா?”

தெரியாது. பார்த்தேன். நொண்டினான். அன்றிலிருந்து நான் பந்தைப் பார்ப்பதை விட்டேன். விளையாட்டைப் படிப்பிப்பது பயிற்றுநர் ரிஸ்வியின் வேலை. எங்கள் பழைய மாணவன், டவுனில் குடும்பத்துக்குச் சொந்தமான இரும்புச் சாமான் கடையைப் பார்த்துக்கொண்டு மாலையில் வருவான். முப்பது வயது, குரல் மட்டும் மூன்று பேருக்கானது. நான் மற்றதையெல்லாம் எண்ணினேன். பந்து, போத்தல், பனியன், பையன்கள். பஸ்ஸில் ஏற முன் ஒருமுறை, ஏறிய பின் ஒருமுறை, புறப்பட்டு நூறு யார் தூரம் போனதும் இன்னொருமுறை. பையன்கள் எனக்கு ‘கல்குலேட்டர்’ என்று பட்டம் வைத்திருந்தார்கள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டார்கள்.

அந்தப் பருவம் தொடங்கியபோது யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை. முதல் இரண்டு போட்டியும் எதிரணிகளின் புண்ணியத்தில் வென்றோம். மூன்றாவதிலிருந்து உண்மையாகவே விளையாடினார்கள். காரணம் இரண்டு பையன்கள். ஒருவன் அஸ்ஹர். ஆள் சிறியவன், பந்தைக் கையோடு ஒட்டி வைத்திருப்பவன்போல் கொண்டுபோவான். எந்த நேரத்தில் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். மற்றவன் லோகேஸ்வரன், எல்லாருக்கும் லோகா. தோட்டப் பக்கத்திலிருந்து வருகிறவன். வகுப்பறைக் கதவில் குனிந்துதான் நுழைவான். நல்ல பிள்ளை. ஒரே ஒரு குறை, எந்த நேரமும் பசி. கூடைக்கடியில் நிற்கும்போதுகூட அவன் முகத்தில் கடலைவண்டியைத் தேடுகிற ஒரு பார்வை இருக்கும்.

ஆறாவது வெற்றி வந்ததும் வினை வந்தது. பழைய மாணவர் சங்கம் கல்லூரி வாசலில், முதல் ஐந்து ஆட்டக்காரரின் படத்தோடு ஒரு பெரிய பனரைக் கட்டியது. ‘தோல்வியே காணாத அணி’. பருவம் முடிய இன்னும் ஐந்து போட்டி இருந்தது. “இதுவரை” என்று ஒரு சொல்லைச் சேர்க்கலாமே என்று கேட்டேன். இடமில்லை என்றார்கள். சங்கத் தலைவரின் படத்துக்கு இடம் இருந்தது.

அதன்பிறகு பையன்கள் வெல்வதற்கு விளையாடவில்லை, தோற்காமலிருக்க விளையாடினார்கள். இரண்டும் ஒன்றென்று நினைக்காதீர்கள். ஏழாவது போட்டி பல்லேபொலப் பக்கத்திலுள்ள ஒரு சின்னப் பாடசாலையோடு. அவர்களிடம் மொத்தம் ஏழு பையன்கள். அதில் ஒருவனின் சப்பாத்தை இன்னொருவனோடு மாற்றி மாற்றிப் போட்டார்கள். இடைவேளையில் அந்த ஏழு பேரும் ஒன்பது புள்ளி முன்னால். எங்கள் பையன்கள் ஒவ்வொருவனும் பந்து வந்தால் சுடுவதற்குப் பயந்து அடுத்தவனிடம் கொடுக்கிறான். கடைசியில் அது லோகாவிடம் வருகிறது, அவனும் பயந்து திருப்பிக் கொடுக்கிறான். அஞ்சல் அலுவலகம் மாதிரி இருந்தது.

ரிஸ்வி கத்துவான் என்று காதைத் தயார் பண்ணினேன். அவன் கத்தவில்லை. முதல் ஐந்து பேரையும் வாங்கில் உட்கார வைத்தான். அந்தப் பருவத்தில் காலே வைக்காத மாற்று ஆட்டக்காரர் ஐவரை இறக்கினான்.

“தம்பி ரிஸ்வி, என்ன செய்யிறீர்? ஒன்பது புள்ளி பின்னுக்கு நிக்கிறம்.”

“சேர், அந்தப் பனர்ல இவனுகட படம் இல்ல. இவனுகளுக்கு என்ன பயம்?”

அந்த ஐந்து பேரும் விழுந்து புரண்டு, ஒன்பதை இரண்டாக்கிக் கொடுத்தார்கள். வாங்கிலிருந்த பெரிய ஆட்களுக்கு வெட்கம் பிறந்தது. மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். நீங்கள் பனர் கட்டாதீர்கள். கட்டினால் பருவம் முடிந்த பிறகு கட்டுங்கள். அப்போதும் சங்கத் தலைவரின் படத்தைச் சின்னதாகப் போடுங்கள்.

இனி உங்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். பருவத்தின் கடைசிப் பகுதியில் நோன்பு மாதம் பிறந்தது. எங்கள் அணியில் பாதிப் பேர் முஸ்லிம் பிள்ளைகள். விடியுமுன் ஸஹருக்கு எழும்பிச் சாப்பிட்டு, பகல் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்து விளையாடுவார்கள். ரிஸ்வியும் அப்படித்தான். பயிற்சியைக் குறைத்தோம், மத்தியான வெயிலைத் தவிர்த்தோம். எல்லாம் சரியாகத்தான் யோசித்தோம். ஒன்பதாவது போட்டிக்குக் கலேவெலவுக்குப் போய் வென்று திரும்பும்போது, நாவுல என்ற ஊரைத் தாண்டி பஸ் நின்றுவிட்டது. என்ஜின் சூடேறிப் புகை கக்கியது. அப்போதுதான் எங்கோ பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கிற பாங்கு கேட்டது. நோன்பு திறக்கும் நேரம். போத்தல்களைத் திறந்து பார்த்தேன். நோன்பில்லாதவர்கள் எல்லாவற்றையும் குடித்து முடித்திருந்தார்கள். லோகாவின் மடியில் மூன்று வெறும் போத்தல்.

சுற்றிவர வயல். ஒரு கடை இல்லை. கடைசியில் டிரைவர் ரேடியேட்டருக்கு ஊற்ற வைத்திருந்த கேனை எடுத்துத் தந்தார். தண்ணீர் நல்ல தண்ணீர்தான், நாவுலயில் ஒரு கடைக் குழாயில் பிடித்தது. கேன்தான் டீசல் மணத்தது. பையன்கள் அதை மூடியில் ஊற்றிக் குடித்து நோன்பு திறந்தார்கள். “சேர், இனி நாங்க நூறு மைல் ஓடுவோம்” என்று அஸ்ஹர் பகிடி விட்டான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மறுநாள் காலையில் அவனுடைய வாப்பா ஆசிரியர் அறைக்கு வந்தார். இல்யாஸ் ஹாஜியார், டவுனில் மிளகும் கராம்பும் கொக்கோவும் வாங்கி விற்கிறவர். அவர் சிரிக்கவில்லை.

“சேர், நீங்க படிச்ச மனிசன். ஒரு கேள்வி கேக்குறேன். நேத்து எத்தின பந்து கொண்டு போனீங்க?”

“ஆறு, ஹாஜியார்.”

“எத்தின திருப்பிக் கொண்டு வந்தீங்க?”

“ஆறு.”

“எத்தின புள்ளயள் நோன்பு புடிச்சிருந்தாங்க?”

அதை மட்டும் நான் எண்ணியிருக்கவில்லை.

“என்ட மகன் வெளாடுறதப் பத்தி எனக்கு ஒண்டும் இல்ல. ஆனா இனிமே மெட்ச் ஈக்குற நாள்ல, பாங்கு செல்ற நேரம் அவன்ட கைல தண்ணி ஈக்கணும். நீங்க பொறுப்பு. இல்லாட்டி அடுத்த நாளே பந்த வெச்சிட்டு கடைக்கு வந்து மிளகு புடைக்கட்டும். அதோட வெளாட்டு முடிஞ்சி.”

“இருக்கும், ஹாஜியார். நான் வாக்குத் தாறன்.”

கை கொடுத்துவிட்டுப் போனார். அஸ்ஹருக்கு அடுத்த வருடமும் கல்லூரியில் விளையாட வயதிருந்தது. மாகாண அணிக்கு அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவும் இப்போது ஒரு குவளைத் தண்ணீரில் தொங்கியது. குவளை என் கையில்.

பத்தாவது போட்டி காலையில் நடந்தது, தப்பினேன். பதினோராவதுதான் இறுதிப் போட்டி. கண்டிப் பக்கத்துப் பெரிய கல்லூரியோடு, எங்கள் நகரத்து மைதானத்திலேயே. தொடங்கும் நேரம் மூன்றரை. எப்படிப் பார்த்தாலும் ஐந்தேகாலுக்கு முடிந்துவிடும். பாங்குக்கு அதன் பிறகு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கிடக்கிறது. கணக்கைப் போட்டேன், திருப்பிப் போட்டேன், நிம்மதியாக ஒரு தேத்தண்ணி குடித்தேன்.

பிரதம விருந்தினரை நான் கணக்கில் சேர்க்கவில்லை. இந்தத் தொழிலில் நீங்கள் எதை மறந்தாலும் பிரதம விருந்தினரை மறக்காதீர்கள். அவர் வராமல் போட்டியைத் தொடங்கக்கூடாது என்று மேலிடத்து உத்தரவு. மூன்றரை போனது. நான்கு போனது. பையன்கள் உடம்பைச் சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடி சூடாக்கினார்கள். நான்கரைக்குப் பிறகு வந்தார். விளக்கேற்றினார். காற்று அணைத்தது. திரும்ப ஏற்றினார். பிறகு விளையாட்டும் நேர முகாமைத்துவமும் என்ற பொருளில் உரையாற்றினார். சத்தியமாகச் சொல்கிறேன், அதுதான் தலைப்பு. இருபது பையன்களுக்கும் கை கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு, மூன்றாவது கால்பகுதியில் வேறு அலுவல் இருக்கிறதென்று கிளம்பிவிட்டார்.

இடைவேளையில் நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். கணக்குச் சொன்னது: பாங்கு கடைசிக் கால்பகுதியின் நடுவில், அல்லது முடிவில் விழும். வலைப்பந்து டீச்சரிடம் ஓடினேன். விஷயத்தைச் சொன்னேன். ஓட்டோ பிடித்துப் பள்ளிவாசலுக்குப் போய், அங்கே கொடுக்கிற நோன்புக் கஞ்சியில் ஒரு வாளியும், வழியில் பேரீச்சம்பழமும் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

“ஆம்பிளைங்க யாருமே இல்லையா, பொம்பள வந்து வாளி தூக்குறீங்கன்னு கேட்டாங்க சேர். இருக்காங்க, எண்ணிக்கிட்டிருக்காங்கன்னு சொன்னேன்.”

கஞ்சி வந்தது. ஆனால் கஞ்சியைக் குடிக்க ஆட்டம் நிற்க வேண்டும். விளையாட்டு தெரியாதவர்களுக்காக ஒரு வரியில் சொல்கிறேன். ஓர் அணிக்கு இரண்டாம் பாதியில் மூன்று டைம் அவுட், ஒவ்வொன்றும் ஒரு நிமிடம். ரிஸ்வி இரண்டை முடித்துவிட்டான். மிச்சம் ஒன்று. புள்ளி விட்டுவிட்டுச் சமமாக ஓடிக்கொண்டிருந்தது.

“தம்பி, அந்த மிச்ச ஒண்டைப் பாங்குக்கு வையுங்கோ.”

“ஏலா சேர். அத நான் கடைசி முப்பது செகண்டுக்கு வெச்சிருக்கேன். பாங்கு நாளைக்கும் செல்லுவாங்க. ஃபைனல் நாளைக்கு வராது.”

“ரிஸ்வி, நீ இன்னைக்கு நோன்புதானே?” என்றார் டீச்சர்.

“நோன்புதான். ஏன்?”

“இல்ல, கோபத்தப் பாத்துக் கேட்டேன்.”

“டீச்சர், பத்து மெட்ச் வெண்டு வந்திருக்கோம். ஒரு கப் கஞ்சிக்காக இதக் குடுக்கச் சொல்றீங்களா? ரெண்டு நிமிசம் சுணங்கித் தொறந்தா நோன்பு முறிஞ்சிடாது. எனக்கு மார்க்கம் தெரியும்.”

அவன் சொன்னது பிழையில்லை. அவனுக்கு மார்க்கம் தெரியும். எனக்கு ஹாஜியாரைத் தெரியும். இரண்டும் வேறு வேறு பாடங்கள்.

கடைசிக் கால்பகுதி. நாலு நிமிடத்துக்குக் குறைவாக இருக்கிறது. அவர்கள் ஐம்பத்துநான்கு, நாங்கள் ஐம்பத்துமூன்று. விளக்குகளைப் போட்டுவிட்டார்கள். அஸ்ஹரின் உதடு வெளுத்திருந்தது. அப்போது பாங்கு ஒலித்தது.

இப்போது நான் செய்ததைக் கவனியுங்கள். பருவத் தொடக்கத்தில் பதிவுப் பத்திரத்தில் உதவிப் பயிற்றுநர் என்ற இடம் வெறுமையாகக் கிடந்தது என்று ரிஸ்வி என் பெயரை எழுதிவிட்டிருந்தான். வெறும் ஒப்புக்கு. ஆனால் நான் விதிப்புத்தகத்தை முழுக்க வாசித்தவன், அடிக்குறிப்பையும் விடாமல். பயிற்றுநர் மட்டுமல்ல, உதவிப் பயிற்றுநரும் டைம் அவுட் கேட்கலாம். எழுந்தேன். ரிஸ்வியின் முதுகுக்குப் பின்னால் நடந்தேன். புள்ளி எழுதும் மேசைக்கு முன்னால் போய் நின்று, ஒரு உள்ளங்கையில் மறு கை விரலைக் குத்தி, வாழ்க்கையில் முதல் தடவையாக டைம் அவுட் கேட்டேன்.

மேசையிலிருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “சேர், நீங்களா?”

“நான்தான். பெயர் இருக்குது, பாருங்கோ.”

பார்த்தார். இருந்தது. ஆனால் கேட்டவுடன் கிடைத்துவிடாது. பந்து ஓடிக்கொண்டிருக்கும்போது டைம் அவுட் இல்லை. விசில் ஊத வேண்டும், அல்லது பந்து வெளியே போக வேண்டும், அல்லது எதிரணி கூடையில் போட வேண்டும். நாங்கள் போட்டால்கூட எங்களுக்குக் கிடைக்காது. ஆகவே அந்த நேரத்தில் மைதானத்தில் எங்கள் அணி புள்ளி எடுக்கக்கூடாது என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டிருந்த ஒரே ஆள் எங்கள் பொறுப்பாசிரியர்.

பந்து நிற்கவில்லை. அவர்கள் எறிந்தார்கள், தவறியது. லோகா பிடித்தான். நாங்கள் போனோம், தவறியது. அவர்கள் பிடித்தார்கள். மறுபடி எறிந்தார்கள், வளையத்தைச் சுற்றி வெளியே வந்தது. இப்படியே இரண்டு பக்கமும் ஏறி இறங்கியது. பாங்கு முடிந்துவிட்டது. அஸ்ஹர் பந்தோடு வரும்போது ஒரு தடவை என்னைப் பார்த்தான். நான் மேசையைக் காட்டினேன். அவனுக்குப் புரிந்தது. பந்தை வேண்டுமென்றே வெளியே எறிந்திருக்கலாம், தண்ணீர் கிடைத்திருக்கும். எறியவில்லை. பதினேழு வயதில் நானாக இருந்தால் எறிந்திருப்பேன்.

கடைசியில் எதிரணியின் ஏழாம் நம்பர்தான் பந்தைத் தட்டி வெளியே விட்டான். பக்கத்தில் யாரும் நெருக்கவில்லை. அவ்வளவு கெட்டிக்கார ஆட்டக்காரன் அப்படித் தட்டத் தேவையில்லை. விசில் ஊதியதும் பந்தைத் திரும்பிக்கூடப் பாராமல் அவன் நேரே தண்ணீரைத் தேடி நடந்தான். அவன் பெயர் ஃபர்ஹான் என்று பிறகு தெரிந்தது. வேண்டுமென்று தட்டினானா என்று நான் கேட்கவில்லை. நீங்களும் சில கேள்விகளைக் கேட்காதீர்கள்.

மேசையில் மணி அடித்தது. எங்கள் அணிக்கு டைம் அவுட்.

“யார் கேட்டது?” ரிஸ்வி திரும்பினான். “யார்டா கேட்டது?”

“உதவிப் பயிற்றுநர்,” என்றேன்.

அவன் முகத்தை நான் விவரிக்க மாட்டேன், அவன் இப்போது என் நண்பன். அவன் வாயைத் திறந்த அதே நொடியில் டீச்சர் அதற்குள் ஒரு பேரீச்சம்பழத்தைத் திணித்தார். “மொதல்ல தொற. பொறகு திட்டு.”

அஸ்ஹரின் கையில் தண்ணீரைக் கொடுத்தேன். குடித்தான். மற்றப் பிள்ளைகளும் குடித்தார்கள். அந்தப் பக்கம் எதிரணிப் பொறுப்பாசிரியர், பெரிய உடம்புக்காரர், சிங்களவர், கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அவருடைய பிள்ளைகளில் மூன்று பேர் நோன்பு. அவரிடம் தண்ணீர் தவிர ஒன்றுமில்லை. பிரதம விருந்தினரை அவரும் கணக்கில் சேர்க்கவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கும் கொஞ்சம் தர முடியுமா, மாஸ்டர் என்று சிங்களத்தில் கேட்டார். வாளியையே கொண்டுபோய் நடுவில் வைத்தோம். ஒரு நீட்டிய கை தெரிந்தது, பழத்தை வைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் ரெஃபரி. அவரும் நோன்பு. மேசையைப் பார்த்தேன். நேரம் பார்க்கிறவரும் கஞ்சிக் குவளையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அப்படியானால் நிறுத்தற் கடிகாரம் எந்தக் கையில்? எந்தக் கையிலும் இல்லை. அது மேசையில் அசையாமல் கிடந்தது.

நான் எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணாமலிருக்க எனக்கு வராது. அறுபது போனது. நூறு போனது. நூற்றிருபதும் போனது. வாயைத் திறக்கவில்லை. மாத்தளை மாவட்டத்தில் நடந்த மிக நீண்ட ஒரு நிமிடம் அது.

அவ்வளவு நேரம் கிடைத்தும் வியூகம் என்று ஒரு சொல்கூட யாரும் பேசவில்லை. ரிஸ்வி ஆட்டம் வரைந்து காட்டும் பலகையை எடுத்தான், வாயில் கஞ்சி, பலகையை வைத்தான். “ஒண்டும் யோசிக்காதீங்கடா, வெளாடுங்க” என்றான். அவ்வளவுதான். வியூகம் என்று மேடையில் பேசினார்களே, அது இதுதான்.

இந்தக் கலவரத்தில் ஒருவனை நான் கவனிக்கவில்லை. லோகா. அவன் நோன்பில்லை. காலையில் சாப்பிட்டான், மத்தியானம் சாப்பிட்டான், மூன்று மணிக்கு பனிஸ் சாப்பிட்டதை நானே பார்த்தேன். ஆனால் கஞ்சி மணத்தால் அவன் என்ன செய்வான்? திரும்பிப் பார்த்தபோது நாலாவது குவளையை முடித்துக்கொண்டிருந்தான்.

“லோகா! ஓடவேணுமடா!”

“கொஞ்சந்தான் சேர்,” என்றான், ஏப்பத்தோடு.

ஆட்டம் தொடங்கியது. மிச்சம் ஒரு நிமிடமும் இல்லை. பந்து எங்களுடையது. அஸ்ஹர் உள்ளே புகுந்து எறிந்தான். தவறியது. அவர்கள் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். எங்கள் ஆட்கள் நாலு பேர் பின்னால் பறந்தார்கள். லோகா நாலு எட்டு வைத்தான், நின்றான், வயிற்றைப் பிடித்தான். திரும்பி எதிரணியின் கூடைக்கடியில் போய், தூணில் சாய்ந்தவன் போல நின்றுவிட்டான்.

“லோகா! இறங்கி வாடா!” ரிஸ்வி கத்தியது கண்டிக்கே கேட்டிருக்கும். லோகா கையை மட்டும் அசைத்தான். ஏலாது.

மறுமுனையில் ஐந்து பேருக்கு நாலு பேர். அவர்களுக்கு அவசரமில்லை. முன்னால் நிற்கிறார்கள், நேரத்தைக் கடத்தினால் போதும். பந்தைச் சுற்றிச் சுற்றி எறிந்தார்கள். ஆள் குறைவாக இருந்த பக்கத்துக்கு ஒருவன் சற்று அலட்சியமாகப் பந்தைத் தூக்கிக் கொடுத்தான். அஸ்ஹர் எங்கிருந்தோ பாய்ந்து அதைப் பிடுங்கினான். ஓடவில்லை, ஓடத் தெம்பில்லை. தலையை மட்டும் நிமிர்த்தினான். மைதானத்தின் அந்தக் கோடியில், கூடைக்கு நேர் கீழே, பக்கத்தில் ஒரு குருவிகூட இல்லாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு எங்கள் லோகா.

எறிந்தான். லோகா ஒரு கையை வயிற்றிலிருந்து எடுத்தான். பிடித்தான். குதிக்கக்கூட இல்லை, அவனுடைய உயரத்துக்கு அது தேவையுமில்லை. எட்டிப் பந்தை உள்ளே வைத்தான், அலுமாரியில் சாமான் வைக்கிற மாதிரி. ஐம்பத்தைந்து, ஐம்பத்துநான்கு. எதிரணியிடம் டைம் அவுட் மிச்சமில்லை. ஃபர்ஹான் கடைசியாக நடுக்கோட்டிலிருந்து எறிந்த பந்து வளையத்தில் பட்டுத் துள்ளி, நான் மூச்சுவிட மறந்திருந்த அவ்வளவு நேரமும் யோசித்து, வெளியே விழுந்தது.

மறுநாளே அதிபர் எதிரணிக் கூடைக்கடியில் ஆளை நிறுத்திய துணிச்சலான வியூகம் பற்றி விசாரித்தார். ரிஸ்வி என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். லோகாவிடம் உண்மையைச் சொல்லாதே என்று இருவரும் சொல்லி வைத்தோம்.

ஆனால் அன்று, எல்லாரும் மைதானத்தில் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து புரண்டபோது, எனக்குச் சந்தோஷப்பட முடியவில்லை. மஃரிப் தொழுகை முடிந்து தொப்பியோடு ஹாஜியார் வாசலால் வந்துகொண்டிருந்தார். கூட்டத்தைப் பிளந்து நேரே என்னிடம் வந்தார்.

“சேர். தொறந்தானா?”

ஓம் என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யுமில்லை. ஆனால் அடுத்த வருடமும் பிள்ளையை அவர் என்னை நம்பித்தான் அனுப்ப வேண்டும்.

“திறந்தவன், ஹாஜியார். ஆனா பாங்கோடை இல்லை. பந்து நிக்கேல்லை. பாங்கு முடிஞ்சு ஒரு நிமிசத்துக்கு மேலை பிந்தித்தான் தண்ணி குடுத்தனான். சொன்ன சொல்லைக் காப்பாத்தேல்லை.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அஸ்ஹரைத் தேடிப் பார்த்தார். பையன் தூரத்தில் எங்களைக் கண்டு, சிரிப்பை நிறுத்திவிட்டு நின்றான்.

“ஒரு நிமிசமா?”

“கொஞ்சம் கூடவும் இருக்கும்.”

“சேர், கடையில ஆள் நின்டா நானே அஞ்சு நிமிசம் சுணங்கித்தான் தொறக்குறேன்.” ஹாஜியார் தாடியைத் தடவினார். “நீங்க இதுக்கா மூஞ்ச இப்பிடி வெச்சிட்டு நிக்கிறீங்க? புள்ளய அடுத்த வருசமும் எடுங்க. வெளாடட்டும்.”

நான் வாங்கில் உட்கார்ந்தேன். அவர் அப்போதுதான் மைதானத்தைக் கவனித்தார். ரிஸ்வி அழுதுகொண்டிருந்தான். சங்கத் தலைவர் யாரையோ கட்டிப்பிடித்திருந்தார், அது எதிரணி ஆள் என்று அவருக்கு இன்னும் தெரியவில்லை. லோகாவைத் தூக்க ஆறு பேர் முயன்று தோற்றுக்கொண்டிருந்தார்கள்.

“வெண்டாச்சா?” என்று கேட்டார் ஹாஜியார்.

“வெண்டிட்டம்.”

“எத்தினையால?”

“ஒண்டாலை.”

அவர் இன்னொருமுறை எல்லாரையும் பார்த்தார்.

“ஒண்டுக்கா சேர் இவ்வளவு சத்தம்?”

“ஓம், ஹாஜியார்,” என்றேன். “ஒண்டுக்குத்தான்.”